வாசலோரத்துத் தொட்டில்

இரும்புக் குழாயின் மேல் கயிறு உரசுகிற சத்தத்தை நான் எந்தச் சந்தை இரைச்சலுக்குள்ளும் கண்டுபிடித்துவிடுவேன். "கிறீச்" என்று ஒரு பக்கம் போய், ஒரு மூச்சு நின்று, மறுபடி "கிறீச்" என்று திரும்பும் அந்தச் சத்தத்தோடு, புளித்த பாலும் மூத்திரத் துணியும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாடை எங்கிருந்தோ மூக்கில் ஏறும். அது ஏறின கையோடு என் கால் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். மாத்தளை பஸ் நிலையத்தின் ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, மிளகையும் கராம்பையும் கூறு கட்டி விற்கத் தொடங்கியவள் நான். இன்று இரண்டு கடை, சொந்த லொறி, அலுவிகாரையில் மாடி வீடு. வங்கிக்குள் நான் நுழைந்தால் மேனேஜரே எழுந்து நின்று கதிரையைக் காட்டுகிறார். படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அதற்காக நான் யாரிடமும் தலை குனிந்ததில்லை. கப்பம் கேட்டு வந்த ஒரு சண்டியனைக் கடை விளக்குமாற்றாலேயே விரட்டியிருக்கிறேன்; கலேவெல ரோட்டில் யானை மறித்து நின்றபோது சாரதி கதவைத் திறந்துகொண்டு ஓட, லொறிக்குள் தனியாக உட்கார்ந்து வெற்றிலை மென்றிருக்கிறேன்.

அப்படிப்பட்ட எனக்கு ஆடுகிற பொருளைக் கண்டால் பயம். என் வீட்டில் ஊஞ்சல் கிடையாது. மகள் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார் கொடுத்த பெண்டுலம் வைத்த கடிகாரத்தை அன்றைக்கே நிறுத்தி அலுமாரிக்குள் போட்டேன். சுவரில் தொங்கும் கலண்டருக்கு நாலு மூலையிலும் ஆணி அடித்திருக்கிறேன். மாத்தளையில் முதன்முதலாகக் கரண்டில் வேலை செய்யும் தராசு வாங்கிய கடைகளில் என்னுடையதும் ஒன்று. காலத்தோடு ஓடுகிற பொம்பளை என்று எல்லாரும் மெச்சினார்கள். தொங்குகிற தராசுத் தட்டு ஆடுவதைப் பார்க்க முடியாமல்தான் அதை மாற்றினேன் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் ஆடாத பொருளே குறைவு. விடிகாலையில் ஆட்களைக் கூப்பிடும் "பெரட்டுக் களத்து" மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது; அதில் அடி விழுந்தால் அந்த மலையே எழும்பும். கொழுந்து நிறுக்கும் தராசு மூன்று கால் கம்பத்தில் தொங்கியது. ஆற்றைக் கடக்கக் கம்பிப் பாலம் இருந்தது. நடுவில் நின்று காலை உதைத்து ஆட்டுவோம், எதிரே வருகிற பெரிய மனிதர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏசுவார்கள். இவையெல்லாம் எனக்கு அந்த வயதில் விளையாட்டுத்தான். எழுபத்தேழாம் வருஷத்தின் ஆடி, ஆவணியோடு அந்த விளையாட்டு முடிந்தது.

எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் தேயிலை, கீழ்ப் பிரிவான பணியக்கணக்கில் ரப்பரும் கொக்கோவும். பணியக்கணக்கில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கொஞ்சம் தள்ளி, மாரியம்மன் கோயில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் "புள்ளைக்காம்பரா" இருந்தது. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. ஒரே நீளக் காம்பரா. கூரைக்குக் கீழே குறுக்காக ஒரு இரும்புக் குழாய். அதில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் குழாயில் ஓர் இடம் உண்டு, ஒருவர் இடத்தில் மற்றவர் கட்டமாட்டார்கள். என் தம்பியின் இடம் வாசலோரம். தம்பி பிறந்த மாதமே என் சிலேட்டு அடுப்புக்கு மேலே பரணில் ஏறியது. அவனைப் பார்த்துக்கொள்ளவும் ஆயாம்மாவுக்கு ஒத்தாசை செய்யவும் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வருத்தமில்லை. கணக்கை நான் தராசில் கற்றுக்கொண்டேன்.

ஆயாம்மா என்றால் புள்ளைக்காம்பராவைப் பார்க்கும் பொம்பளை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. நெடுநெடுவென்ற உயரம், வாய் நிறைய வெற்றிலை, எதைக் கேட்டாலும் எரிந்து விழும் குணம். தொட்டில்களையெல்லாம் ஒரே கயிற்றால் கோத்து, அதன் நுனியைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே அரிசி புடைப்பாள். ஒரு காலாட்டலில் காம்பரா முழுக்கத் தூங்கும். பிள்ளைகள் அவளுக்குப் பயம், தாய்மார் அதைவிடப் பயம். அவள் காம்பராவில் மன்னிப்பே கிடையாத குற்றம் ஒன்றுதான்: பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டுவது. நான் ஒருநாள் சும்மா கை பட்டு ஆட்டிவிட்டேன் என்று முதுகில் வைத்தாள் ஒன்று. "வெறுந் தொட்டில ஆட்டினா புள்ளைக்கு வவுத்து வலி. மறுக்கா ஆட்டினா தொட்டிலு வெறுமையாவே போயிடும்டி" என்பாள். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. பிள்ளையைத் தூக்கியதும் ஆடுகிற தொட்டிலைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் அம்மாவும் நகர்வாள்.

அந்த வருஷம் தேர்தல் முடிந்து கொஞ்ச நாளில் தோட்டத்தில் பேச்சு குறைந்தது. தமிழ் ஆட்களைத் தேடித் தேடி அடிக்கிறார்களாம், பக்கத்துத் தோட்டத்தில் லயத்தை உடைத்துவிட்டார்களாம், இன்ன இடத்தில் கூரையைப் பிடுங்கிவிட்டார்களாம் என்று டவுனுக்குப் போய் வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்கள். அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். அம்மா சட்டி பானையை ஒரு சாக்கில் கட்டினாள், மறுநாள் அவிழ்த்துச் சமைத்தாள், மறுபடி கட்டினாள். நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிடுவோம். பல குடும்பங்கள் பிள்ளைகளோடு உறவுக்காரர் தோட்டங்களுக்குப் போய்விட்டன. புள்ளைக்காம்பராவில் மூன்றே தொட்டில்தான் மிஞ்சியது: என் தம்பி, அடுத்த காம்பராக்காரியின் இரட்டைப் பிள்ளைகள். வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, கூலி கிடைக்காது என்று எங்கள் தாய்மார் மேற்கணக்கு மலைக்கு ஏறிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு முற்பகலில் பெரட்டுக் களத்துத் தண்டவாளம் நேரங்கெட்ட நேரத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் விடாமல் அடித்துவிட்டுப் பட்டென்று நின்றது. அடித்தவர் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. கீழ்ப் பாதையில் ஆட்களின் கூச்சல். ஆயாம்மா வெற்றிலையைத் துப்பினாள். மூன்று தொட்டில் சேலைகளையும் அவிழ்த்துத் தோளில் போட்டு, இரட்டைப் பிள்ளைகளை இரண்டு இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு, "ஒந் தம்பியத் தூக்கு" என்று மட்டும் சொன்னாள்.

காம்பராவின் முற்றம் முடிகிற இடத்தில் கொக்கோத் தோட்டம் தொடங்கும். கொக்கோ மரம் உயரமில்லை. ஆனால் இலை அகலம், பட்டப்பகலிலும் உள்ளே மாலை மாதிரி இருக்கும். தணிந்த கிளைகளில் ஆயாம்மா மூன்று தொட்டிலையும் கட்டிப் பிள்ளைகளைப் போட்டாள், வழக்கம்போலவே மூன்றையும் ஒரு கயிற்றால் கோத்தாள். பிள்ளை விழித்து அழுதால் எல்லாரும் அகப்படுவோம். தொட்டில் ஆடும்வரை பிள்ளை அழாது. அவளுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

நானும் அவளும் அங்கேயே பதுங்குவோம் என்று நினைத்தேன். அவளோ கயிற்று நுனியை என் கையில் சுற்றிவிட்டு எழுந்தாள். அடுப்பு எரிகிறது, பால் பொங்குகிறது, கதவு திறந்து கிடக்கிறது, ஆள் மட்டும் இல்லை என்று கண்டால் பக்கத்தில்தான் பிள்ளைகளோடு ஒளிந்திருக்கிறார்கள் என்று தேடுவார்கள், தான் போய் அங்கே இருக்கவேண்டும் என்றாள்.

"நான் வந்து ஒங் கையப் புடிக்கிற வரைக்கும் ஆட்டிக்கிட்டே இரு லெச்சுமி. நிறுத்தின, தொலைஞ்சோம்."

கொக்கோக் காட்டில் தரை முழுக்கக் காய்ந்த இலை. அப்பளம் மாதிரி நொறுங்கும். கயிற்றைக் கொஞ்சம் பலமாக இழுத்தால் கிளை அசைந்து மேலிருந்து இலை விழுந்து சரசரத்தது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் காற்றில்லாத நேரத்தில் ஒரு மரம் மட்டும் ஆடுவது தெரியும். மெதுவாக இழுத்தால் தம்பி சிணுங்கினான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருந்தது. அதைக் கண்டுபிடித்து என் கை இழுத்துக்கொண்டே இருந்தது. முசுறு எறும்பு காலில் ஏறிக் கடித்தது. கையால் தட்ட முடியவில்லை, காலை உதறவும் முடியவில்லை. தம்பியின் நெற்றியிலும் ஒன்று ஊர்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லயத்துப் பக்கம் தகரம் உடைகிற சத்தம், கோழிகள் கத்துகிற சத்தம், பிறகு புகை. இலை இடுக்கு வழியாகப் புள்ளைக்காம்பராவின் வாசல் எனக்கு நேராகத் தெரிந்தது. அங்கே என் தம்பியின் இடத்தில் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று பிள்ளையும் என் முன்னால் கிடக்கின்றன. இடது கையை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மூன்றும் இருக்கின்றன. அப்படியானால் அங்கே ஆடுவது வெறும் தொட்டில். அதுவும் தம்பியின் இடத்தில். அதை ஆட்டுவது ஆயாம்மா. அதைவிடப் பெரிய பயம், அந்தத் தொட்டில் வெறுந் தொட்டில் மாதிரி ஆடவில்லை. காற்றில் துணி பறப்பதுபோல் இல்லாமல், அடியில் பாரம் இறங்கி, மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பியது. உள்ளே ஏதோ படுத்திருந்தது. என்ன படுத்திருக்கிறது என்று நினைக்கப் பயந்து, மறுபடி மூன்று பிள்ளையையும் எண்ணினேன்.

தடிகளோடு நாலைந்து பேர் முற்றத்துக்கு வந்தார்கள். முன்னால் வந்தவனை எனக்குத் தெரியும். சந்திக் கடையில் வேலை செய்பவன். சாமான் வாங்கப் போனால் எனக்கு ஒரு "புல்டோ" மிட்டாய் சும்மா தருவான். அந்த முகத்தை அந்த இடத்தில் கண்டபோது, தெரியாத முகங்களைக் கண்டதைவிட அதிகமாகப் பயந்தேன்.

ஆயாம்மா எழும்பவில்லை. கதவு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. தாலாட்டின் சுருதியில் என்னவோ முனகிக்கொண்டே தொட்டிலை ஆட்டினாள். மற்றவர்கள் எங்கே என்று அவன் சிங்களத்தில் அதட்டினான். அவளும் சிங்களத்திலேயே, தம்பி என்ற அர்த்தத்தில் அவனை "மல்லி" என்று கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாள்.

"எல்லாரும் ஓடிட்டாங்க மல்லி. இதைத் தூக்கிக்கிட்டு நான் எங்க ஓடுறது? தெய்யன்கே லெட."

அம்மை நோய்க்குச் சிங்கள ஆட்கள் சொல்லும் பெயர் அது, தெய்வத்தின் நோய் என்று. நாங்கள் மாரியாத்தா என்போம், அவர்கள் பத்தினித் தெய்வம் என்பார்கள். வேப்பிலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவன் படியில் ஒரு கால் வைத்திருந்தான். வேண்டுமானால் வந்து முகத்தைப் பார் என்று ஆயாம்மா தொட்டில் துணியின் விளிம்பில் கை வைத்தாள். அவன் வேப்பிலையைப் பார்த்தான். பிறகு காலை இறக்கி, செருப்பைக் கழற்றி, தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினான். திரும்பி மற்றவர்களிடம் என்னவோ சொல்லி அவர்களை அந்தப் பக்கமே வராமல் தள்ளிக்கொண்டு போனான். கழற்றிய செருப்பை மாட்டவும் இல்லை.

கூச்சல் ஆற்றைத் தாண்டி அடங்கிய பிறகு ஆயாம்மா வந்தாள். மேலே சேலை இல்லை. கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டும் சாக்குப் "படங்கை" மேலே சுற்றியிருந்தாள். "போதும்டி" என்றாள். என் கை நிற்கவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் கயிற்றை எடுத்தாள். மற்ற ஆட்கள் தேயிலை ஸ்டோருக்குள் கூடியிருக்கிறார்கள், நடப்போம் என்றாள். காம்பராவில் தொட்டில் அப்படியே தொங்கியது. அவிழ்க்கவில்லையா என்று கேட்டேன். "திரும்பி வந்தாலும் வருவானுங்க. அது அங்கேயே கெடக்கட்டும்" என்றாள். "அது" என்றால் எது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்டோரில் அம்மா என்னையும் தம்பியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்த பிடி இன்னும் தோளில் இருக்கிறது. மறுநாள் காலையில் தம்பிக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது, பாலைக் கக்கினான், கண்ணைத் திறக்கவில்லை. டவுனுக்குக் கொண்டுபோக ரோட்டில் வாகனம் இல்லை. என்னடி நடந்தது என்று அம்மா கேட்டபோது நான் பார்த்ததைச் சொன்னேன். எறும்பைச் சொன்னேன், தொட்டிலையும் சொன்னேன்.

"வெறுந் தொட்டில்தாம்மா. ஆனா பாரமா ஆடிச்சு."

அம்மாவின் முகம் சாம்பலாகிவிட்டது. பிள்ளையின் இடத்தில் வெறுந் தொட்டிலை ஆட்டி, அதில் ஏதோ ஏறிப் படுத்தும் விட்டது, இனி அது அவனை விடாது என்றுதான் அவளுக்குப் பட்டது. எனக்கும் முதல்நாளே அப்படித்தான் பட்டிருந்தது. அந்த ஸ்டோருக்குள் அத்தனை சனத்துக்கு முன்னால், தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆயாம்மாவுக்கு எதிரில் போய் நின்றாள். அதுவரை அம்மா அவளுக்கு முன்னால் குரல் எடுத்துப் பேசியதே இல்லை.

"எம்புள்ள எடத்துல வெறுந் தொட்டில ஆட்டினியாமே. ஒனக்குப் புள்ள இருந்தா ஆட்டியிருப்பியா?"

ஆயாம்மா எரிந்து விழுவாள் என்று காத்திருந்தேன். அவள் படங்கை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து, "வா, காட்டுறேன்" என்றாள். ஆம்பிளைகள் வெளியே போகாதே என்று தடுத்தார்கள். அம்மா கேட்கவில்லை. அவளுடைய சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். பாதி எரிந்த லயத்தைத் தாண்டும்போது எங்கள் காம்பராவின் கதவு முற்றத்தில் கிடந்தது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புள்ளைக்காம்பரா வாசலில் வேப்பிலை வாடியிருந்தது. படியடியில் அந்தச் செருப்புச் சோடி. உள்ளே நீலச் சேலைத் தொட்டில் அசையாமல், அடி தாழ்ந்து தொங்கியது. நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

"கையப் போட்டுப் பாரு" என்றாள் ஆயாம்மா.

அம்மா தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்டிலுக்குள் கையை விட்டாள். வேப்பிலை உதிர்ந்தது. வெளியே வந்தது அம்மிக் குழவி. எங்கள் வழக்கத்தில் பேர் வைக்கிற நாளில் புதுத் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதற்கு முன்னால் குழவியைக் கிடத்தி ஆட்டுவார்கள்; தொட்டில் வெறுமையாக ஆடக்கூடாது என்பதற்காக. ஆட்கள் படியேறி வந்துகொண்டிருந்த அந்த அவசரத்திலும், ஆயாம்மா தன் உடம்பில் கிடந்த சேலையை உருவித் தொட்டிலாகக் கட்டி, அம்மியிலிருந்து குழவியை எடுத்துக் கிடத்திவிட்டுத்தான் ஆட்டியிருக்கிறாள்.

"இதுவும் நம்ம வீட்டுப் புள்ளதான்டி. வெறுமையா நான் ஆட்டல" என்றாள்.

அம்மா அந்தக் கல்லைப் பிறந்த பிள்ளையை ஏந்துவதுபோல் ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து ஏந்திக்கொண்டு நின்றாள். தரையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "இத நான் எங்க வைக்கட்டும்?" என்று ஆயாம்மாவையே கேட்டாள். "எங்கிட்டக் குடு" என்று ஆயாம்மா அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

தம்பியின் காய்ச்சல் எறும்புக் கடியாலோ அலைச்சலாலோ வந்திருக்கும். கொத்தமல்லித் தண்ணீரிலேயே தணிந்துவிட்டது. அவன் அன்று சாயங்காலம் கண்ணைத் திறந்து பால் கேட்டு அழுதபோது அந்த அழுகையை யாரும் அடக்கவில்லை. ஆனால் என் பயம் இறங்கவில்லை. குழவியை என் கண்ணால் கண்டேன், ஆயாம்மா சொன்னதைக் காதால் கேட்டேன். இருந்தாலும் கண்ணை மூடினால் அந்தத் தொட்டில் பாரமாக ஆடும். இன்றைக்கும் ஆடுகிறது.

அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் ஆயாம்மாவுக்குக் கப்பல் வந்தது. இந்தியாவுக்குத் திரும்பிப் போகப் பேர் கொடுத்தவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப் போன தோட்டத்து லொறியில் அவளும் ஏறினாள். நீலகிரிப் பக்கம் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று சொன்னார்கள். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை.

இப்போது அந்தக் கொக்கோ மரம் ஒன்றுகூட இல்லை. அந்த நிலத்தில் மிளகுக் கொடியும் புதிய வீடுகளும். கம்பிப் பாலத்துக்குப் பதில் கொங்கிறீட் பாலம், அதில் குதித்தாலும் ஆடாது. புள்ளைக்காம்பராவுக்கு மாபிள் தரை, சுவரில் யானையும் முயலும், நீளப் பெயரில் ஒரு பலகை. குளிர்சாதனப் பெட்டி நான் வாங்கிக் கொடுத்தது. கூரைக்குக் கீழே குழாய் இல்லை. தம்பி கலேவெலவில் பெரிய வெங்காய வியாபாரி, வயிறு அவனுக்கு ஒரு முழம் முன்னால் நடக்கும். இந்தக் கதையை எடுத்தால், "எத்தன தரம்க்கா" என்று கையெடுத்துக் கும்பிடுவான்.

சென்ற மாதம் சீகிரியா பார்க்கப் போகிற தமிழ்நாட்டுக்காரர் சிலர் என் கடையில் வேனை நிறுத்தினார்கள். எல்லாரும் கிராம்பு, லவங்கம் என்று கேட்க, ஒரு வயதானவர் மட்டும் "கராம்பு" என்றார். எங்கள் ஊர்ச் சொல் அது, பிடித்துக்கொண்டேன். சிறுவயதில் கப்பலில் போனவராம், இப்போது கோத்தகிரி. எங்கள் ஆயாம்மாவைத் தெரியுமா என்று கேட்டேன்; உயரம், வெற்றிலை, எரிந்து விழும் குணம் எல்லாம் சொன்னேன்.

"பேரு என்னங்கம்மா?" என்று கேட்டார்.

மாத்தளையிலிருந்து கண்டி வரைக்கும் எந்த வியாபாரியின் பேரையும் அவன் அப்பன் பேரோடு சொல்லக்கூடியவள் நான். ஆயாம்மாவின் பேர் எனக்குத் தெரியவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன். "நான் அப்ப கைப்புள்ளக்கா, எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். அம்மா இருந்தால் தெரிந்திருக்கும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"ஆயாம்மான்னுதான் கூப்பிடுவோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய தோட்டத்திலும் ஓர் ஆயாம்மா இருந்தாளாம். அவளுடைய பேரும் அவருக்குத் தெரியாதாம்.

நல்ல கராம்பாகப் பொறுக்கிக் கட்டி, அவர் வாங்கியதற்கு மேலே இன்னொரு பொட்டலமும் வைத்து, கோத்தகிரிப் பக்கம் ஆயாம்மாவாக இருந்த கிழவி யாராவது இருந்தால் கொடுத்துவிடச் சொன்னேன்.

"எந்த ஆயாம்மாவுக்குங்க?" என்றார்.

யாராக இருந்தாலும் கொடுங்கள் என்றேன்.